சோற்றை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

"புற்றுநோய்க்குச் சர்க்கரைதான் தீனியாம் ஹஜ்ரத். சோறு, இட்லி, கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கொழுப்பாகக் கொடுத்தால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடுமாம். அம்மாவுக்கு இப்போது கீமோ நடக்கிறது. கொடுக்கலாமா?"

ஆளும் உறவும் மாறினாலும் எங்கள் திருத்தணிப் பக்கத்தில் இந்தக் கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. மார்க்கச் சட்டம் கேட்பதுபோல் கேட்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி இருக்கிறது. அதை ஓதிக்கொடுக்கிற நாங்களே அதை மீறக் கூடாது. எனவே இதில் என் சொந்த வைத்தியம் எதுவும் கிடையாது. இந்த உணவு முறை எங்கிருந்து வந்தது, புற்றுநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள், நம் வீட்டு நோயாளிக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

இரண்டு பக்கமிருந்தும் வந்த அலை

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நகரி ஒரு எட்டில் இருக்கிறது. கடைத்தெருவிலும் வாட்ஸ்அப்பிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஓடுகின்றன. அதனால் இந்த உணவு முறையும் எங்களுக்கு இரண்டு வாசல் வழியாக வந்தது. தமிழ்ப் பக்கத்தில் நியாண்டர் செல்வன் தொடங்கிய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழு மூலம் பேலியோ பரவியது. பட்டர் டீ, 100 பாதாம், முட்டை, கொழுப்போடு கறி என்று அந்தப் பட்டியலை இன்று அறியாதவர் குறைவு. தெலுங்குப் பக்கத்தில் 2017, 2018 வாக்கில் வீரமாசனேனி ராமகிருஷ்ணாவின் 'வி.ஆர்.கே. டயட்' பெரும் அலையாக எழுந்தது. தினமும் 70 முதல் 100 கிராம் வரை தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பு, எலுமிச்சைச் சாறு, நிறையத் தண்ணீர், சத்து மாத்திரை என்பது அதன் அடிப்படை.

இவை இரண்டையும் பெரும்பாலோர் கையில் எடுத்தது உடல் எடைக்காகவும் சர்க்கரை நோய்க்காகவும்தான். பலருக்கு எடை குறைந்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 90 கிலோ எடையுள்ள மச்சானுக்கு நல்லது செய்த உணவு, கீமோ ஏறிக்கொண்டிருக்கும் 45 கிலோ மாமியாருக்கும் நல்லது செய்யும் என்று குடும்பம் தானாக முடிவு செய்துகொள்கிறது. அங்கேதான் சிக்கல்.

'கீட்டோஜெனிக்' என்ற பெயர் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளிகளுக்காக இந்த உணவை முன்மொழிந்து இந்தப் பெயரையும் கொடுத்தார். பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. பட்டினி கிடக்கும்போது உடல் கொழுப்பை உடைத்துக் 'கீட்டோன்' என்ற எரிபொருளை உண்டாக்குகிறது. சாப்பிட்டுக்கொண்டே அதே நிலையைக் கொண்டுவர முடியுமா என்று யோசித்ததன் விளைவுதான் இந்த உணவு. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவமனைகளில் இதைக் கொடுக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 90 சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்தே வரும். கிராம் கணக்கில் நிறுத்து, இரத்தப் பரிசோதனை செய்து, உணவியல் நிபுணர் கூடவே இருந்து நடத்துவது அது. நம் வீடுகளில் 'கீட்டோ' என்று சொல்வது பெரும்பாலும் சோற்றை நிறுத்திவிட்டுக் கறியும் முட்டையும் கூட்டுவதுதான்.

மாவுச்சத்தை நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கினால்தான் உடல் அந்த நிலைக்குப் போகும். ஒரு கப் சோற்றிலேயே சுமார் 45 கிராம் இருக்கிறது. மூன்று சிறிய பேரீச்சம்பழத்தில் 15 கிராம் போய்விடும்.

பாதி உண்மை

"சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி" என்பது முழுப் பொய் அல்ல. 1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க், கட்டியின் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுகின்றன என்றும், ஆக்சிஜன் இருக்கும்போதே அதை அரைகுறையாகப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன என்றும் கண்டார். இன்று எடுக்கும் பெட் ஸ்கேன் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் போட்டால் கட்டி அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிர்கிறது.

பிறகு ஏன் சோற்றை நிறுத்தினால் கட்டி சாவதில்லை? நாம் சாப்பிடாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துபோவதில்லை. கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். சிவப்பணுக்கள் குளுக்கோஸ் இல்லாமல் வாழாது என்பதால் உடலை அப்படிப் படைத்திருக்கிறான் அல்லாஹ். அந்தச் சர்க்கரை கட்டிக்கும் போய்ச் சேர்கிறது. மேலும் கட்டி குளுக்கோஸை மட்டும் தின்பதில்லை. அமினோ அமிலம், கொழுப்பு என்று கிடைப்பதைத் தின்னக் கற்றுக்கொள்ளும் புற்றுநோய்களும் உண்டு.

இங்கே ஒரு வேண்டுகோள், குறிப்பாக பயான் செய்யும் சகோதரர்களுக்கு. "வார்பர்க் புற்றுநோயின் காரணத்தைக் கண்டுபிடித்ததற்காக 1931-இல் நோபல் பரிசு பெற்றார்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அவருக்குப் பரிசு கிடைத்தது செல்களின் சுவாசத்துக்கு உதவும் நொதியைப் பற்றிய ஆய்வுக்காக. "நோன்பு வைத்தால் புற்றுநோய் அழியும் என்று ஜப்பானிய விஞ்ஞானி நிரூபித்து நோபல் பரிசு வாங்கினார்" என்பது நம் குழுக்களில் ரமழான் தோறும் வரும் இன்னொன்று. 2016-இல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமி ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. செல் தன் பழுதான பாகங்களைத் தானே பிரித்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் வழியைத்தான் அவர் கண்டறிந்தார். நோன்பாளிகளையோ புற்றுநோயாளிகளையோ வைத்து அவர் அந்தப் பரிசைப் பெறவில்லை. நோன்பின் சிறப்பைச் சொல்ல நமக்கு இந்தக் கதை தேவையே இல்லை. மிம்பரிலிருந்து அதைக் கேட்டுவிட்டு ஒரு நோயாளி பட்டினி கிடந்தால் அந்தச் சுமை யார் கழுத்தில்?

மனிதர்களிடம் பார்த்தபோது

மருத்துவ உலகம் இதைக் கண்டுகொள்ளவில்லை என்பது தவறு. 1995-இல் அமெரிக்காவில் லிண்டா நெபெலிங் குழுவினர் முற்றிய மூளைக் கட்டியுள்ள இரண்டு சிறுமிகளுக்குக் கீட்டோ உணவு கொடுத்துப் பார்த்தனர். கட்டி உறிஞ்சும் குளுக்கோஸ் சுமார் 22 சதவீதம் குறைந்தது. ஒரு சிறுமிக்கு ஓராண்டு நோய் பெருகாமல் நின்றது. நம்பிக்கை பிறந்தது அங்கிருந்துதான். ஆனால் இரண்டே பேர்.

அடுத்து ஜெர்மனியில் 'எர்கோ' என்ற ஆய்வு. 2014-இல் வெளியான அதில், திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டியுள்ள 20 பேர் சேர்ந்தார்கள். மூன்று பேர் உணவு ஒத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். நோய் பெருகாமல் இருந்த காலத்தின் நடு அளவு வெறும் 5 வாரம். உணவை மட்டும் நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. சரி, சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால்? அதையும் பார்த்தார்கள். 2020-இல் வெளிவந்த இரண்டாவது எர்கோ ஆய்வில் 50 பேருக்கு மறுபடி கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. பாதிப்பேருக்குக் கூடவே 9 நாள் கீட்டோவும் பட்டினியும், மீதிப் பேருக்கு வழக்கமான உணவு. நோய் பெருகாத காலத்திலும் சரி, உயிர் வாழ்ந்த காலத்திலும் சரி, இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆதரவான பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஈரானில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 80 பேரை இரண்டாகப் பிரித்து 12 வாரம் நடத்திய ஆய்வில், கீட்டோ உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரையும் எடையும் குறைந்தன. பெரிய பக்கவிளைவு வரவில்லை. சிலருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியதாகவும் அதே குழுவினர் எழுதினார்கள். கீட்டோவை ஆதரிப்பவர்கள் அதிகம் காட்டும் ஆய்வு இது. ஆனால் சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களை அவர்கள் ஆய்வில் சேர்க்கவே இல்லை. நம் வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய நோயாளிகளில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்?

2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எழுதியவர்களில் சித்தார்த்த முகர்ஜியும் ஒருவர். ஒரு வகைப் புற்றுநோய் மருந்து உடலில் இன்சுலினை ஏற்றிவிடுகிறது. அந்த இன்சுலினே கட்டிக்கு உதவி, மருந்தைத் தோற்கடிக்கிறது. எலிகளுக்குக் கீட்டோ உணவு கொடுத்தபோது இன்சுலின் அடங்கி, மருந்து நன்றாக வேலை செய்தது. ஆனால் அதே ஆய்வில் இரத்தப் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு, மருந்து இல்லாமல் கீட்டோ மட்டும் கொடுத்தபோது நோய் வேகமெடுத்தது. ஒரு வகைத் தோல் புற்றுநோய் எலிகளிடமும் கீட்டோன் கட்டியை வளர்த்ததாக 2017-இல் வேறொரு குழு கண்டது. ஆகவே "உதவாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தப் புற்றுநோய், எந்த மருந்து என்பதைப் பொறுத்து அது மாறலாம்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சை நடக்கும்போது கீட்டோவைப் பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்கிறது. ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம் இன்னும் கண்டிப்பாக, மெலிந்துவரும் நோயாளிக்கு உணவைக் குறைக்கும் எந்த முறையும் கூடாது என்கிறது.

எடைதான் உயிர்

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. புற்றுநோய் உடலை உள்ளிருந்து உருக்கும். கொழுப்பு மட்டுமல்ல, தசையே கரையும். ஆறு மாதத்தில் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதை மருத்துவர்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். 50 கிலோ உள்ள ஒரு பெண்மணிக்கு அது இரண்டரைக் கிலோதான். தசை கரைந்தவருக்குக் கீமோவின் நச்சு அதிகம் தாக்கும். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும், அடுத்த சுற்று தள்ளிப்போகும்.

கீட்டோ தொடங்கிய முதல் வாரத்தில் யாருக்கும் இரண்டு கிலோ குறையும். அதில் பெரும்பகுதி நீர். நல்ல உடம்புக்காரர் அதைப் பார்த்து மகிழ்வார். புற்றுநோயாளிக்கோ, குறைந்தது நீரா தசையா என்று மருத்துவரே தடுமாற நேரிடும். அதிலும் உணவு மாற்றியதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நோயாளியின் நாவையும் நினைத்துப் பாருங்கள். கீமோ எடுத்தவருக்கு எண்ணெய் வாசனையே குமட்டும். அவருக்கு வெண்ணெய் மிதக்கும் டீயைக் கொடுத்தால் உள்ளே போகுமா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அடிவயிற்றில் கதிர்வீச்சு வாங்கியவருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும். எண்ணெய் அதைக் கூட்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரருக்குப் பாதாமும் கறித்துண்டும் முள்ளாகக் குத்தும். அவருக்கு இறங்குவது கஞ்சியும் தயிர்ச்சோறும்தான். அவற்றை "விஷம்" என்று சொல்லித் தட்டைப் பிடுங்கினால் பிறகு அவர் எதைத்தான் சாப்பிடுவார்? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மகன்கள் அன்பின் மிகுதியால் இதைச் செய்தார்கள். அந்தத் தாயார் பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று வாய் திறக்கவில்லை. ஒரு சுற்றுக் கீமோ தள்ளிப்போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சர்க்கரை நோய்க்கும் மருந்து எடுப்பவராக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. இன்சுலினும் சில மாத்திரைகளும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்க, சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் இப்போது பலருக்கு எழுதப்படுகின்றன. அவற்றோடு கீட்டோ சேர்ந்தால், சர்க்கரைமானியில் அளவு ஓரளவு சரியாகவே காட்டும்போதே இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து நேரலாம். வாந்தி, மூச்சுவாங்கல், அசதி என்று வந்தால் "கீமோ இப்படித்தான் செய்யும்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இன்னொன்று: கீமோவுடன் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதைப் பார்த்து பயந்து உணவைப் பாதியாக்குகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார், உணவைக் குறைக்கத் தேவையிருக்காது.

கணையம், கல்லீரல், பித்தப்பை நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்கு உண்மையாகவே அச்சம் தருவது வேறொன்று. கீட்டோவில் தொடங்கி, பிறகு "மூன்று வாரம் இதையே பார்ப்போம், கீமோவைத் தள்ளிப்போடுவோம்" என்று போவதுதான் அது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் உண்டு. வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழியை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரைப் பார்த்ததில், அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. இவை பரவாத, குணமாக வாய்ப்புள்ள புற்றுநோய்கள் என்பதைக் கவனியுங்கள். சிகிச்சையோடு சேர்த்து மாற்று வழிகளையும் பின்பற்றியவர்களை இரண்டாவது ஆய்வு பார்த்தது. அவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் 3 சதவீதம்தான். அபாயம் இவர்களுக்கும் இரண்டு மடங்கு. "கூடவே" என்று தொடங்குவது "பதிலாக" என்று முடிந்துவிடுகிறது. கருஞ்சீரகத்தையும் தேனையும் 'நபிவழி மருத்துவம்' என்று பாக்கெட்டில் போட்டு, மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று விற்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

மார்க்கம் தொடும் இடங்கள்

மேற்கத்திய கீட்டோ பட்டியல்களில் பன்றிக் கொழுப்பு சாதாரணமாக வரும். அதை நம்மவர் தவிர்த்துவிடுவார்கள். கவனம் தப்புவது மீன் எண்ணெய், எம்.சி.டி. எண்ணெய் கேப்ஸ்யூல்களின் மேலுறையில். அது ஜெலட்டினாக இருந்தால் எந்தப் பிராணியுடையது என்று பார்க்க வேண்டும். "நோய்க்காகத்தானே, நிர்ப்பந்தம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். நிர்ப்பந்தம் என்ற சலுகை, வேறு வழியில்லாத, பயன் உறுதியான மருந்துக்கு உரியது. பயனே உறுதியாகாத ஒரு சத்துப்பொருளுக்கு அதை நீட்ட முடியாது என்பது என் கருத்து. வல்லாஹு அஃலம்.

நோன்பு விஷயத்தில் பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைத் தந்துவிட்டன. கீமோ நடக்கும்போது மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். கட்டியைப் பட்டினி போடும் எண்ணத்தில் நோன்பை இழுத்துப் பிடிப்பது வணக்கமும் ஆகாது, வைத்தியமும் ஆகாது.

கஞ்சியை விஷம் என்பவர்களுக்கு நினைவூட்ட ஒன்று: நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் வாற்கோதுமை மாவில் செய்த தல்பீனா கஞ்சியைக் கொடுக்கச் சொல்வது ஆயிஷா (ரழி) அவர்களின் வழக்கமாக இருந்தது என்று புகாரியில் வருகிறது. அது புற்றுநோய்க்கு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பிட முடியாதவருக்கு இதமான உணவு என்ற அளவில் போதும்.

எவ்வளவு, என்ன

ஐரோப்பியச் சங்கத்தின் கணக்குப்படி நோயாளியின் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 50 கிலோ பெண்மணிக்கு 1250 முதல் 1500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு, வேகவைத்த 100 கிராம் கோழிக்கறியில் சுமார் 25 கிராம் கிடைக்கும். நம் நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பையும் கொத்துக்கறியையும் இரட்டிப்பாக்கி அரிசியைக் கொஞ்சம் குறைத்தால் புரதம் ஏறும், தொண்டையிலும் இறங்கும். வெள்ளைச் சர்க்கரை, குளிர்பானம், பேக்கரி பண்டங்களைக் குறைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. உடல் பருத்தவருக்குச் சிகிச்சை முடிந்த பிறகு மாவுச்சத்தைக் குறைத்து எடையைச் சீராக்குவது நல்லதாகவே அமையலாம், அதுவும் மருத்துவர் ஒப்புதலோடு.

ஜமாஅத் நிதியிலிருந்து உதவும் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குப் பணம் வந்துவிட்டாலும் போக்குவரத்துக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் கையில் இருக்காது. தறி ஓட்டும் குடும்பம் பாதாமுக்கும் கீட்டோ பவுடருக்கும் கடன் வாங்குவதைவிட, முட்டை, பால், பஸ் செலவுக்கு நாம் கொடுத்தால் அந்தப் பணம் நோயாளியின் உடம்பில் சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் கீட்டோ முயல வேண்டும் என்று ஒரு நோயாளி தானாக விரும்பினால், மறைத்துச் செய்ய வேண்டாம். காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையோ, அடையாறோ, வேலூர் சி.எம்.சி.யோ, திருப்பதியோ, நீங்கள் எங்கே போனாலும் உணவைப் பற்றி மருத்துவரிடமோ அங்குள்ள உணவியல் நிபுணரிடமோ கேட்கலாம். அடுத்த ஓ.பி. நாளுக்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடந்த மூன்று மாதத்து எடை, எல்லா மாத்திரைகளின் பெயர், சர்க்கரை அளவு, மூன்று நாள் என்னென்ன சாப்பிட்டார், என்ன உணவு முறை தொடங்க நினைக்கிறீர்கள். எண்ணெய், பொடி, கேப்ஸ்யூல் ஏதும் வாங்கியிருந்தால் டப்பாவையே எடுத்துப்போங்கள். கூட்டத்தில் மருத்துவருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். தாள் கையில் இருந்தால் அந்த ஐந்து நிமிடம் போதும்.